அரைக் குவளைக் கடலை

சங்கராந்தி முழுக்குக்குக் கங்காசாகர் போகிற ஜனங்கள் வந்து இறங்கிவிட்டால் கல்கத்தாவில் ஹேஸ்டிங்ஸ் பக்கத்துக் குதிரைகளுக்கு வேலை நின்றுபோகும். பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்னாலேயே பாபுகாட் படித்துறையில் தொடங்கி மைதானத்தின் ஓரம் வரைக்கும் கூடாரம் எழும்பிவிடும். சாம்பல் பூசிய சாமியார்கள், தலையில் மூட்டையோடு ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடக்கும் பீகாரிக் கிழவிகள், அவர்களைக் கயிறு கட்டி ஒழுங்குபடுத்தும் போலீஸ்காரர்கள். அந்த ஒரு வாரம் சாரட்டு வண்டியோ சவாரிக் குதிரையோ அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. குதிரைக்காரர்கள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள். குதிரைகள் நின்ற இடத்திலேயே நின்று தின்னும்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துத் தை மாதத்தில், அப்படி நின்று தின்றதில்தான் வசந்திக்கு அந்தச் சோதனை வந்தது.

வசந்தியின் வீடு, இரண்டாம் ஹூக்ளிப் பாலம் தரையிறங்குகிற இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் துரை இருந்தான். இருபது வயசுச் சாம்பல் நிறக் குதிரை. குதிரைக்கு இருபது என்றால் மனுஷனுக்கு அறுபது என்று வசந்தியின் புருஷன் வேலாயுதம் சொல்வார். குடியாத்தத்துக்காரர். பட்டாளத்தில் குதிரைப் பிரிவில் புண்ணுக்குக் கட்டுப்போடும் வேலையில் இருபத்திரண்டு வருஷம், அப்புறம் ஊருக்குள் ஒரு சவாரி கிளப்பில் பன்னிரண்டு வருஷம். கிளப்பில் துரைக்கு வயதாகிவிட்டது என்று வண்டிக்காரர்களுக்குத் தள்ளிவிடப் பார்த்தபோது, தனக்குச் சேரவேண்டியதற்குப் பதிலாக இவனைக் கொடுங்கள் என்று கேட்டு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதிலிருந்து நாலு வருஷமாக மைதானத்தில் பிள்ளைகளை ஏற்றி மெதுவாக ஒரு சுற்று. அதுதான் மூன்று பேருக்கும் சோறு.

வயதான குதிரைக்கு விடியற்காலையில் உடம்பு இறுகிப்போகும். இடுப்பும் பின்தொடையும் மரமாக இருக்கும். அதைத் தளர்த்துவதற்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. வசந்தி கரி அடுப்பில் பெரிய தேக்சாவில் வெந்நீர் வைப்பாள். கோணிச்சாக்கை அதில் முக்கிப் பிழிந்து, கை பொறுக்கிற சூட்டில் துரையின் இடுப்பில் போர்த்துவாள். ஆறினால் மாற்றுவாள். மூன்றுதரம் மாற்றியானதும் வேலாயுதம் கடுகெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சுடவைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோளிலிருந்து பின்னால் பார்த்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே போவார். பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து மெள்ள முன்னால் இழுத்துப் பத்து எண்ணுகிறவரை பிடித்துக்கொள்வார். கடைசியில் ஒரு கேரட்டை விலாப்பக்கம் காட்டுவார். துரை கழுத்தை வளைத்து வளைத்து அதைக் கடிக்க வருவான். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. அதற்கப்புறம் சந்தில் பத்துத் தடவை நடை. "நடக்க நடக்க எண்ணெ போட்ட கதவு கணக்கா ஆயிடுவான் பாரு" என்பார். அப்படியே ஆகிவிடுவான்.

இத்தனையிலும் வசந்திக்குப் பங்கு உண்டு. ஒன்றில் மட்டும் இல்லை. கடலை அளந்து போடுவதில். ஊறவைத்த கடலையைப் பட்டாளத்து அலுமினியக் குவளையால் வேலாயுதம்தான் அளப்பார். அந்தக் குவளையைக் கழுவக்கூட வேறு ஆளிடம் கொடுக்கமாட்டார். "உனுக்குக் கை தாராளம். புள்ளைக்குப் போடறாப்ல போட்டுடுவ" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர்களுடைய ஒரே பெண் கல்யாணமாகி ஆம்பூரில் இருந்தாள். வீட்டில் சோறு போட வேறு யாரும் இல்லை.

அந்த வருஷம் போகிக்கு முதல்நாள் சாந்த்ராகாச்சியிலிருந்து ஆள் வந்தது. அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த வேலாயுதத்தின் தங்கை புருஷன் யார்டில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆம்பிளை யாரும் இல்லை. வேலாயுதம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குவளையை எடுத்து, நகத்தால் அதன் நடுவில் ஒரு கோடு கீறினார்.

"வேல இல்லாத நாளுக்கு இதான் அளவு. காலைல அர, சாயந்தரம் அர. பசிச்சா புல்லு போடு. கடல மட்டும் இதுக்கு மேல போவக் கூடாது."

சரி என்றாள். குவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கல்கத்தாத் தமிழர்களுக்கு மாட்டுப் பொங்கலன்று ஒரு சங்கடம் உண்டு. மாடு கிடையாது. ஊருக்குள்ளிருந்த மாட்டுக் கொட்டகைகளையெல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாலிகஞ்சில் பெரிய பேங்க் ஆபீஸராக இருந்து ரிட்டயரான மஹாதேவனின் மனைவி சுப்புலக்ஷ்மி மாமிக்குத்தான் முதலில் அந்த யோசனை தோன்றியது. பேரனை மைதானத்தில் சவாரிக்குக் கூட்டிவந்தவள், குதிரைக்காரர் தமிழ் பேசுவதைக் கேட்டு வீடு விசாரித்தாள். குதிரையும் உழைக்கிற ஜீவன்தானே, அதற்குப் பொங்கல் கொடுத்தால் ஸ்வாமி வேண்டாம் என்று சொல்லப்போகிறாரா என்றாள். அடுத்த தையில் தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்துவிட்டாள். அடுத்த வருஷம் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். இந்த வருஷம் மூன்று டாக்ஸியில் ஒன்பது பெண்கள் வந்து இறங்கினார்கள்.

முன்னெல்லாம் வேலாயுதம் பக்கத்தில் நிற்பார். ஆளுக்கு ஒரு சிட்டிகை துரையின் வாயில் ஊட்டியதும், மீதியைப் பக்குவமாகப் பெரிய ஏனத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் கொடுக்கிறேன் என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார். அது சந்துப் பிள்ளைகளுக்குப் போகும். வசந்திக்கும் அது தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவளால் செய்ய முடியவில்லை. பட்டுப்புடவைக்காரர்கள் ஒன்பது பேர் அவள் தகரக் கொட்டகை முன்னால் வாழையிலை விரித்து, துரையின் நெற்றியில் குங்குமம் வைத்து, அவளுக்கும் வெற்றிலை பாக்குக் கொடுத்தார்கள். சந்தே வேடிக்கை பார்த்தது. போதும் என்று எந்த வாயால் சொல்வாள்? துரை இலையில் இருந்ததை எல்லாம் தின்றான். கரும்பைத் தின்றான். வாழைப்பழத்தைத் தோலோடு தின்றான்.

போகும்போது சுப்புலக்ஷ்மி மாமி குதிரையின் விலாவைத் தடவிப் பார்த்தாள். "எலும்பு தட்டுப்படறதே வசந்தி. வயத்துக்குச் சரியாப் போடறேளோ?" என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள்.

அந்தக் கேள்வி வசந்தியின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்று சாயங்காலம் குவளையில் கோடு வரைக்கும் கடலை எடுத்தாள். பார்த்தாள். துரையும் பார்த்தான். வெளியே பனி புகையாக இறங்கிக்கொண்டிருந்தது. குளிரில் நிற்கிற வாயில்லா ஜீவன், அதுவும் பொங்கலும் அதுவுமாக, அரை வயிறா என்று நினைத்தாள். கோபுரமாக அள்ளிப் போட்டாள். மறுநாள் காலையிலும் அப்படியே. சாயங்காலமும் அப்படியே. வேலாயுதம் வருகிற நாள்வரைக்கும் அந்தக் கோட்டை அவள் பார்க்கவேயில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் வந்தார். ஜனங்களும் கலைய ஆரம்பித்திருந்தார்கள். மறுநாள் காலை மைதானத்துக்குப் போகத் துரையை வெளியே பிடித்தபோது, என்னடா துள்ளுறே என்று அவன் கழுத்தில் தட்டினார். துரை வழக்கத்துக்கு மாறாக ஒரு இளங்குதிரையைப் போல் காலை மாற்றி மாற்றி வைத்தான். வெந்நீர் ஒத்தடம்கூட வேண்டியிருக்கவில்லை. பார்த்தீர்களா மாமி, என் கைச் சோறு என்று வசந்தி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அரைமணி கழித்து வண்டிக்கார ரஹ்மத் மியான் சந்துக்குள் ஓடிவந்தார். அவர் ஓடி அவள் பார்த்ததில்லை. "அண்ணி, உன் குதிரை நின்றுவிட்டது. நடுவழியில். அசையமாட்டேன் என்கிறது" என்று ஹிந்தியில் சொன்னார். வசந்தி தோளில் கிடந்த துண்டோடு அப்படியே ஓடினாள்.

பாலத்தின் தூண்களைத் தாண்டி, ரேஸ் கோர்ஸ் வேலி தொடங்குகிற இடத்தில், சாலை ஓரமாகத் துரை நின்றான். பனி இன்னும் விலகவில்லை. அந்தக் குளிரில் அவன் உடம்பு முழுக்க வியர்த்து, முதுகிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பின்கால்களை அகட்டி வைத்திருந்தான். மூக்குத்துவாரம் விரிந்து விரிந்து மூடியது. தொடைச்சதை தன்னால் துடித்தது. வேலாயுதம் அவன் பின்புறத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"கல்லு மாதிரி கீது. தொட்டுப் பாரு" என்றார்.

தொட்டாள். தசை என்று சொல்ல முடியாது. சுவர். துரை முனகினான்.

"நான் இல்லாத நாள்ல எவ்ளோ கடல போட்ட?"

ரஹ்மத் மியான் நின்றார். எதிர்க் கடையிலிருந்து டீக்கடை நிமாய் வந்து நின்றான். மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த யாத்திரைக்காரர்கள் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். மாட்டுப் பொங்கலன்று வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்ட பெருமை இன்னும் தீரவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

"நீ சொன்னாப்லதான். அரக் குவள."

வேலாயுதத்துக்கு மூச்சு வந்தது. அப்பாடா, அப்போ அது இல்லை என்றார். ரஹ்மத் மியானிடம் ஹிந்தியில் விளக்கினார். பட்டாளத்தில் ஒரு சீக்கு உண்டு, அதற்குத் திங்கட்கிழமைச் சீக்கு என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாமல் நிறுத்தி வைத்து முழுத் தீனி போட்டு, திங்கட்கிழமை ஓட்டினால் குதிரைக்குப் பின்பாகத்துச் சதை பாறையாக இறுகிச் செத்து, அந்த விஷம் சிறுநீரகத்தில் இறங்கிவிடும். அப்போது ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது, தேய்க்கவும் கூடாது. இது அது இல்லை. கிழட்டு உடம்பு, ஒரு வாரம் சும்மா நின்றது, பனி. தினமும் வருகிற பிடிப்புத்தான், கொஞ்சம் பலமாக வந்திருக்கிறது. நடத்தினால் விட்டுவிடும்.

அவர் நிம்மதியாகச் சொல்லச் சொல்ல வசந்திக்கு விஷயம் விளங்கிவிட்டது. இன்னதென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர் அவள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித் தப்பான பக்கம் போகிறார்.

"வாடா துரை. வாடா ராசா, வூட்டுக்குப் போலாம்" என்று கயிற்றைப் பிடித்தார். ரஹ்மத் மியான் பின்னாலிருந்து தோள் கொடுத்தார். துரை ஒரு அடி வைத்தான். குதிரை அழும் என்று வசந்தி நினைத்ததில்லை. அது அழுகை மாதிரிதான் இருந்தது, வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. இரண்டாவது அடி. படவேட்டம்மா, இவனைக் காப்பாத்து என்று வேண்டினாள். மூன்றாவது. வாரத்துக்கு ஒரு விளக்குப் போடறேன் என்றாள். நாலாவது. பயத்தில் சாமி பெயர் சுலபமாக வந்துவிடுகிறது. சொல்லவேண்டிய சொல்தான் வருவதில்லை. சொன்னால் என்ன ஆகும்? அடிக்கமாட்டார். ஏசக்கூட மாட்டார். கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாகக் குவளையைக் கையில் கொடுத்தவர், இனிமேல் எதையும் கையில் கொடுக்கமாட்டார். அவ்வளவுதான். ஆறு. ஏழு.

எட்டாவது அடியில் துரையின் பின்கால் மடங்கியது. விழுகிறவன் மாதிரிச் சாய்ந்து, எப்படியோ நின்றான். அவன் கண் வசந்தியின் மேல் இருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. தீனி போட்டவள் என்று மட்டும்தான் தெரியும்.

"கயித்த வுடு" என்றாள்.

"இன்னும் ரெண்டு அடி வச்சா..."

"வுடு. அரக் குவள இல்ல. முழுக் குவள. கோபுரமா. ரெண்டு வேளயும், நீ வர்ற வரைக்கும். பொங்கலுக்கு வந்தவங்க போட்டதயும் நான் எடுத்து வெக்கல. அம்மாந்தூரம் வந்தவங்க கிட்ட வாண்டாம்னு சொல்ல வாய் வர்ல. எல்லாத்தயும் துன்னுட்டான். நான்தான் குடுத்தேன்."

வேலாயுதத்தின் கையிலிருந்து கயிறு விழுந்தது. அவளைப் பார்க்கவில்லை. துரையைத்தான் பார்த்தார்.

"யாரும் தொடாதீங்க. ஒரு அடி நவுரக் கூடாது. கம்பளி எடுத்துகினு வா. தண்ணி எடுத்துகினு வா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். இருந்த இரண்டு கம்பளியையும், தன் படுக்கை ஜமுக்காளத்தையும், கோணிச்சாக்குகளையும் அள்ளிக்கொண்டு வந்தாள். கோணியை வெந்நீரில் நனைக்கப்போனபோது வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். உலர்ந்ததையே போர்த்தினார்கள். சற்று நேரத்தில் துரை முதுகை வளைத்துச் சிரமப்பட்டுச் சிறுநீர் விட்டான். மண்ணில் விழுந்தது கறுப்பாக இருந்தது. காலையிலிருந்து கொதித்துக் கடைசியில் நின்றுபோன டிக்காஷன் நிறம். நிமாய் தன் டீ கெட்டிலைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வேலாயுதம் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பட்டாளத்தில் ஒரு பெண்குதிரையை இப்படி நாலு மைல் நடத்தி லயத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று ரஹ்மத் மியானிடம் சொன்னார். மூன்றாம் நாள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

எட்டு அடி, எட்டு அடி என்று வசந்தியின் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

டாக்டர் வேண்டும். கிளப்பின் டாக்டர் ஊரில் இல்லை என்று ரஹ்மத் மியான் விசாரித்துவந்து சொன்னார். வசந்திக்குத் தெரிந்த டெலிபோன் நம்பர் ஒன்றே ஒன்று. சுப்புலக்ஷ்மி மாமி காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்தது. பாலத்தடி எஸ்.டி.டி. பூத்தில் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுழற்றினாள்.

குதிரைக்கு உடம்பு மோசம், குதிரை டாக்டர் யாராவது தெரியுமா என்று கேட்டாள். ஏன் என்ன ஆச்சு என்று மாமி கேட்டாள். நான் தீனி அதிகமாகப் போட்டுவிட்டேன் மாமி என்றாள் வசந்தி. அவ்வளவுதான் சொன்னாள்.

"நீ மட்டுமா போட்டே" என்றது குரல். "ஒம்பது பேரும்னா போட்டோம். நான் வேற இளைச்சிருக்குன்னு சொன்னேன். இரு, வரேன்."

அவர்கள் வருகிறதற்குள் ஒரு போலீஸ் சார்ஜண்ட் வந்துவிட்டார். யாத்திரைக்காரர்களின் பஸ் அந்த வழியாகத்தான் ஹாவ்டா போகவேண்டும். குதிரையை அப்புறப்படுத்து என்றார். முடியாவிட்டால் லாரி வரவழைத்து ஏற்றிவிடுவேன் என்றார். லாரியில் ஏற்றினால் அங்கேயே முடிந்துவிடும் என்று வேலாயுதம் கைகூப்பிச் சொல்லிப் பார்த்தார். சார்ஜண்ட் வாக்கி டாக்கியை எடுத்தார். வசந்திக்கு வங்காளி அரைகுறை. ஆனாலும் முன்னால் போய் நின்றாள். என் தப்பு அண்ணா, அவர் சொன்னதைக் கேட்காமல் நான்தான் அதிகம் போட்டேன், சாயங்காலம் வரைக்கும் விடுங்கள் என்றாள். ஒருதரம் சொல்லிவிட்ட பிறகு அந்தச் சொல் அவ்வளவு கனமாக இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் போலிருந்தது. சார்ஜண்ட் துரையின் துடிக்கிற தொடையைக் கொஞ்சநேரம் பார்த்தார். என் வீட்டுக் கிழவருக்கும் குளிர்காலத்தில் இப்படித்தான், எழுந்து நிற்கமாட்டார் என்று முணுமுணுத்தார். கூட்டத்துக்காகக் கொண்டுவந்திருந்த இரும்புத் தடுப்புகள் இரண்டை இழுத்துக் குதிரைக்கு முன்னால் போட்டுவிட்டு, பஸ்களை அந்தப் பக்கமாகத் திருப்பிவிடப் போனார்.

ஆற்றிலிருந்து காற்று வந்தது. ரஹ்மத் மியான் தன் சாரட்டு வண்டியைக் கொண்டுவந்து காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினார். வேடிக்கை பார்த்த பீகாரிக் கிழவி ஒருத்தி மூட்டையைப் பிரித்து, தன் பழைய கம்பளியை எடுத்துத் துரையின் கழுத்தில் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நடந்தாள். ஆயி, உன் கம்பளி என்று வசந்தி பின்னால் ஓடினாள். கங்கையில் முழுகிவிட்டேன், எனக்கு இனி என்ன குளிர் என்று அந்தக் கிழவி திரும்பாமலே சொல்லிக்கொண்டு போனாள்.

டாக்ஸியிலிருந்து மாமி, அவள் கணவர் மஹாதேவன், அவர்கள் வீட்டு நாயைப் பார்க்கிற டாக்டர் சக்ரவர்த்தி மூவரும் இறங்கினார்கள். டாக்டர் படித்தது குதிரைக்கும் சேர்த்துத்தான் என்று மஹாதேவன் வழிநெடுக அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாராம். மாமி கையில் ரப்பர் வெந்நீர்ப் பை இருந்தது. பசுமாடு அளவு இருக்கிற குதிரையையும், உள்ளங்கை அகலப் பையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அவசரத்துல இதுதான் கெடச்சுது" என்றாள். மஹாதேவன் தலையிலிருந்த மங்கி குல்லாவைக் கழற்றிவிட்டு, துரையின் காதில் பனி இறங்கக் கூடாது என்று நீட்டினார். "அது போடாது சார். நீங்களே போட்டுக்குங்க" என்றார் வேலாயுதம். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது அப்போதுதான். அது வசந்தியின் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். மண்ணிலிருந்த கறையைப் பார்த்தார். எவ்வளவு தூரம் நடத்தினீர்கள் என்று கேட்டார். வேலாயுதம் துரையின் கழுத்துக் கம்பளியை இழுத்துவிட்டார். எட்டு அடி என்றாள் வசந்தி. அதோடு நிறுத்தினீர்களே, நல்லது என்றார் டாக்டர். வலிக்கு ஊசி போட்டார். சாரட்டு வண்டியின் விளக்குக் கம்பியில் சலைன் பாட்டிலைக் கட்டி, கழுத்து நரம்பில் ஏற்றினார். ஒன்று முடிந்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. தண்ணீர் குடிக்க வையுங்கள், எவ்வளவு குடித்தாலும் சரி என்றார். சாயங்காலத்துக்குள் இன்னொருமுறை சிறுநீர் விடவேண்டும். கறுப்பு வெளுத்தால் பிழைத்தான். அதே கறுப்பு என்றால், என்று சொல்லிக் கையை விரித்தார்.

அந்தப் பகல் வசந்திக்கு வருஷமாக நீண்டது. நிமாய் கடையிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீராக எடுத்துவந்து பக்கெட்டைத் துரையின் வாய்க்கடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் அவன் தொடவில்லை. உள்ளங்கையில் உப்பை வைத்து நக்கக் கொடுத்தாள். அப்புறம் இரண்டு மிடறு. அப்புறம் நாலு. கை மரத்துப்போயிற்று. இடுப்பு விண்டுபோயிற்று. மாமி ஒரு பிடி தயிர்சாதம் கொண்டுவந்து, சாப்பிடுடி என்றாள். எறங்காது மாமி என்றாள் வசந்தி. நாம சாப்பிடாம இருந்தா அது பொழச்சுடுமா என்று மாமி கேட்டாள். ஆனால் அவளும் சாப்பிடவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு, வண்டியின் படியில் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலாயுதம் துரையின் முகத்தோடு முகம் வைத்தபடி நின்றார். இருவருக்கும் நடுவில் குதிரையின் தலை மட்டுமே இருந்தது. ஒருமுறை பக்கெட்டை மாற்றும்போது அவர் விரல் அவள் விரலில் பட்டது. எடுத்துக்கொண்டார்.

வெயில் வந்த மாதிரி வந்து போயிற்று. பாலத்தின் மேல் விளக்குகள் எரிய ஆரம்பிக்கிற நேரத்தில் துரை பின்கால்களை அகட்டினான். வசந்தி டாக்டர் கொடுத்த வெள்ளை எனாமல் கிண்ணத்தோடு ஓடிப்போய்க் குனிந்தாள். முதலில் கொஞ்சம். அப்புறம் நின்றது. அப்புறம் கனமாக வந்தது. புடவையெல்லாம் நனைந்தது. கிண்ணத்துக்குள் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டே நிமிர்ந்து, வேலாயுதம் நின்ற திசையில் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. அவள் கையோடு சேர்த்துப் பிடித்து, தெருவிளக்குக்கு நேரே தூக்கினார்.

"கண்ணத் தொறந்து பாரு" என்றார்.

நிமாய் எட்டிப் பார்த்தான். "பௌதி, இது என் கடை லேபு சா" என்று வங்காளியில் அண்ணி முறை வைத்துக் கத்தினான். எலுமிச்சம்பழம் பிழிந்த டீயின் நிறம்தான். சிவப்பு இருந்தது. கறுப்பு இல்லை. டாக்டர் சக்ரவர்த்தி கிண்ணத்தை வாங்கி அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வசந்தி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, காலையிலிருந்து வராத அழுகையை அழுதாள்.

"நடுங்கறியே. போயி வேற பொடவ கட்டிகினு வா" என்றார் வேலாயுதம்.

மறுநாள் வெயில் ஏறுகிறவரை, தார்ப்பாய் கட்டி அங்கேயே துரையை நிறுத்தி வைத்தார்கள். பிறகு அவனாகவே ஒரு கால் எடுத்து வைத்தான். அவன் நின்ற இடத்திலெல்லாம் நின்று, ஒரு மணி நேரத்தில் சந்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாலைந்து நாள் புல்லும் வைக்கோலும் தண்ணீரும்தான். சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகிப் பழையபடி ஆயிற்று. அதற்கப்புறம்தான் டாக்டர் ஒத்தடம் போடலாம் என்றார். வசந்தி தேக்சாவை அடுப்பில் ஏற்றினாள். கோணியைப் பிழிந்து அவன் இடுப்பில் போர்த்தினாள். வேலாயுதம் தேய்த்தார். பேசவேண்டியதை மட்டும் பேசினார். வெந்நீர், எண்ணெய், கேரட். அதற்கு மேல் இல்லை. குவளை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமலே கொட்டகைக்குள் போய் வந்துகொண்டிருந்தாள். இனி சவாரி கிடையாது, சந்தில் நடை மட்டும்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலாயுதத்துக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகக் கார்டன் ரீச்சில் ஒரு கோடவுனில் பகல் காவல் வேலைக்குச் சொல்லியிருந்தார்கள். மஹாதேவனும் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்.

பத்தாம் நாள் துரைக்கு முதல்முறையாகக் கடலை கொடுக்கலாம் என்று ஆயிற்று. ஒரு பிடி. ஒரு பிடிக்கு மேல் இல்லை. அன்றைக்குத்தான் வேலாயுதம் வேலைக்குச் சேருகிற நாளும். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், கொட்டகைக்குள் போனார். ஆணியிலிருந்து குவளையை எடுத்தார். சட்டை முனையால் அதைத் துடைத்தார். வசந்தியிடம் நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை. "நீயே போட்டுட்டுப் போ. எனக்குப் பயமா கீது."

"பயம் இருக்கறவங்கதான் அளந்து போடணும்" என்றார். குவளையை அவள் கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தார். பாலத்துத் தூண் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தாள். அவர் பார்க்கவில்லை.

அவள் ஊறின கடலையில் ஒரு பிடி எடுத்துக் குவளையில் போட்டாள். அடிப்பாகம்கூட நிறையவில்லை. நகத்தால் கீறின கோடு எங்கேயோ மேலே இருந்தது. துரை ஒரே வாயில் தின்றுவிட்டு, வெறும் குவளையை மூக்கால் முட்டினான். இன்னும் முட்டினான். அவள் தோளில் தலையை வைத்து அழுத்தினான்.

"இல்லடா கண்ணு" என்றாள் வசந்தி. குவளையைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு கட்டுப் புல்லை எடுத்துவந்து அவன் முன்னால் உதறிப் போட்டாள்.